கரகரப்பு தட்டிலா, பாட்டிலா?

இசைத்தட்டு: வாசகர் கேள்வி – பதில்

1960, 70-களின் கராஜ், சைக்கடெலிக், பங்க் என்ற ராக் வகை இசைத்தட்டுகள் வீட்டுப் பரணிலோ இரும்புப் பெட்டியிலோ கிடைத்தவர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். புதுச்சேரி, கடலூர்க் கடிதங்களை முதலில் எடுத்துக்கொண்டோம். உப்புக்காற்றும் மழையும் பட்ட தட்டுகள் என்பதால் பிரச்சினைகள் ஏறக்குறைய ஒன்றே.

கேள்வி: பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியப்பாவின் பெட்டியில் சின்னத் தட்டுகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு பாட்டு, வண்ணப்படம் போட்ட உறை, நடுவில் பெரிய ஓட்டை. ஆங்கிலக் குழுக்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். பிரெஞ்சுப் பாடகர்களின் தட்டுகளை எடைக்குப் போட்டுவிடலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை

தயவுசெய்து போடாதீர்கள். உங்களிடம் இருப்பவை பிரெஞ்சு ஈ.பி.க்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டு பாட்டுள்ள சிங்கிள் விற்ற காலத்தில், பிரான்சில் நான்கு பாட்டு ஈ.பி.தான் வழக்கம். அதனால் அங்கே உறைப்படமும் பாட்டுகளின் சேர்க்கையும் வேறு. கிங்க்ஸ் குழுவின் தட்டுகளை பிரான்சில் கொண்டுவந்தது வோக் நிறுவனம். அந்த உறைகளை லண்டன் கடைகளில் பார்த்திருக்க முடியாது.

எடைக்குப் போட நினைக்கும் குவியலில்தான் நல்ல சரக்கு ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். ழாக் துத்ரோங் என்ற பெயர் இருந்தால் உடனே எடுத்து வையுங்கள். வோக் நிறுவனத்துக்காக 1966-இல் அவர் பாடத் தொடங்கியபோது பதிவானவை மொழியால் பிரெஞ்சு, தாளத்தாலும் கிடாராலும் சுத்தமான கராஜ். அதே ஆண்டில் அதே நிறுவனத்தில் வெளிவந்த அந்துவான், ஆங்கில பீட் பாடல்களை பிரெஞ்சில் பாடிய ரோனி பேர்ட் இருவரும் இந்த வரிசையில் சேர்த்தி. பாடகர் கோட்டும் டையும் அணிந்து சிரிக்கிறார் என்பதற்காக ஒதுக்காதீர்கள். முதல் பாட்டை அரை நிமிடம் கேட்டபிறகு முடிவு செய்யுங்கள்.

ஆண்டு கண்டுபிடிக்க உறையின் பின்பக்க அடி ஓரத்தைப் பாருங்கள். பல உறைகளில் அச்சகத்தின் பெயரோடு மாதமும் ஆண்டும் பொடி எழுத்தில் இருக்கும். உறை மாறிப் போயிருக்கக்கூடும் என்பதால், தட்டில் லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் லேபிளில் அச்சிட்ட எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய ஓட்டை 38 மில்லிமீட்டர், டர்ன்டேபிளின் நடுக்கம்பி 7 மில்லிமீட்டர். இரண்டுக்கும் இடையே 45 அடாப்டர் (45 என்பது இந்தச் சின்னத் தட்டு நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) என்ற வட்டத்துண்டு வேண்டும். கண்ணளவில் நடுவில் வைத்து ஓட்டினால், அரை மில்லிமீட்டர் விலகினாலே சுருதி ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். அட்டையை வெட்டிச் செய்யும் அடாப்டரும் இதே தொல்லையைத்தான் தரும். உலோக அடாப்டர் வாங்கிவிடுவது நல்லது.

கேள்வி: பரணில் இருந்து இறக்கிய எல்.பி. என்ற பெரிய தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். புள்ளி போனது, இரைச்சல் கூடிவிட்டது. என்ன தவறு?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

தண்ணீர்தான் தவறு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தட்டு காய்ந்ததும் பள்ளத்துக்குள்ளேயே படிந்துவிடும். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிவது போன்ற அதே படிவம்தான். முள் அதன்மீது ஏறி இறங்கும் சத்தமே நீங்கள் கேட்பது. மறுபடி முறையாகக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதற்கு முன், வெள்ளையாக இருப்பது பூசணமா என்று பாருங்கள். பூசணம் தனித்தனிப் புள்ளியாகவோ கிளைவிட்ட இழையாகவோ இருக்கும், ஈரத்துணியில் வரும். தட்டின் ஒரு பரப்பு முழுக்கப் பால்போல் மங்கி, துடைத்தாலும் போகவில்லை என்றால் அது பூசணம் இல்லை. தடித்த, வழவழப்பான பி.வி.சி. பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்த ரசாயனம் தட்டின் மேற்பரப்பைத் தாக்கியதன் தடம் அது. கழுவி மீட்பது கடினம். அந்த வகை உறை எதில் இருந்தாலும் இன்றே கழற்றி எறியுங்கள்.

பூசணத்துக்குக் கலவை ஒரு லிட்டருக்கு: டிஸ்டில்டு வாட்டர் 850 மில்லி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் 150 மில்லி, புகைப்பட ஃபிலிம் கழுவும்போது கடைசியில் சேர்க்கும் வெட்டிங் ஏஜென்ட் இரண்டு மூன்று சொட்டு. அது கிடைக்காவிட்டால் நிறமோ வாசனையோ இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. அதற்கு மேல் போனால் சோப்பே படிவமாகிவிடும். கடையில் டெட்டால், சானிடைசர் என்று எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அவற்றில் எண்ணெயும் பிசினும் கலந்திருக்கும்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு, மற்றத் தட்டுகள் இருக்கும் அறைக்கு வெளியே வேலையைத் தொடங்குங்கள். பூசண வித்து காற்றில் பறந்து நல்ல தட்டிலும் ஒட்டும். முதலில் உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தள்ளுங்கள். லேபிளின் மேல் நனையாதபடி வட்டமான பிளாஸ்டிக் மூடியைப் பிடித்துக்கொண்டு கலவையைப் பள்ளங்களின் மேல் பரப்பி, இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு மென்மையான நைலான் தூரிகையால் பள்ளம் ஓடும் திசையிலேயே ஐந்தாறு சுற்று. குறுக்கே தேய்த்தால் அழுக்கு ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்கு இடம் மாறுமே தவிர வெளியே வராது. மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்த பின், வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை அலசுங்கள். இந்த இரண்டாவது அலசலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அலசாவிட்டால் கரைந்த அழுக்கு அதே இடத்தில் காய்ந்து இறுகும். பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்தி, நிழலில், இரண்டு மணி நேரம் உலர விடுங்கள்.

பழைய உள் உறைக்குத் திரும்பக் கூடாது. பூசணத்தின் வேர் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. புதிய பாலிஎத்திலீன் உள் உறை போடுங்கள்.

இரண்டு விலக்குகள். 78 வேகத் தட்டு அரக்கால் ஆனது. ஆல்கஹால் பட்டால் கரையும். 1960-களின் அமெரிக்க 45-களில் ஒரு பகுதி வழக்கமான வினைல் பிளாஸ்டிக் அல்ல, பாலிஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். எடை குறைவாக, விறைப்பாக இருக்கும், நகத்தால் தட்டினால் ஓசை கூர்மையாக வரும், ஒட்டிய லேபிள் ஓரத்தில் பெயர்ந்திருக்கும். கராஜ் சிங்கிள்களில் இந்த வகை அதிகம். அவற்றுக்கும் ஆல்கஹால் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சொட்டு வெட்டிங் ஏஜென்ட்டும் போதும்.

கேள்வி: கல்லூரிக் காலத்தில் வாங்கிய சைக்கடெலிக் எல்.பி.க்களை இப்போது போட்டால் கிடார் கிழிந்த ஸ்பீக்கர்போல் இரைகிறது. ஒரு தட்டில் பாட்டு முழுக்க 'குபுகுபு' என்று பின்னால் ஏதோ கொப்பளிக்கிறது. இன்னொன்றில் பாடகர் குரல் வலது ஸ்பீக்கரில் மட்டும். மூன்று தட்டும் கெட்டுவிட்டனவா?
– வாசகர், லாஸ்பேட்டை

மூன்றும் நலமாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. இந்த வகை இசையில் இதுதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: குழு வேண்டுமென்றே வைத்த சத்தம் எது, தேய்மானம் சேர்த்த சத்தம் எது என்று காது பிரிக்கப் பழக வேண்டும். பழகாதவர்கள் நல்ல தட்டைத் தூக்கி எறிகிறார்கள், தேய்ந்த தட்டை அதிக விலைக்கு வாங்குகிறார்கள்.

கிடாரின் இரைச்சல், ஃபஸ் என்ற மின்கருவியின் வேலை. மேஸ்ட்ரோ என்ற பெயரில் 1962-இல் விற்பனைக்கு வந்த ஃபஸ்-டோன் பெட்டி சில ஆண்டுகளில் கராஜ் குழுக்களின் அடையாளமாகவே ஆனது. அது கிடாரோடு தொடங்கி கிடாரோடு நிற்கும். பாடகரின் குரலும் சிம்பலும் அப்போதும் தெளிவாக இருக்கும். தேய்ந்த தட்டில் நேர்மாறு: 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் குரல் சீறும், சத்தம் கூடும் இடத்தில் எல்லாமே சேர்ந்து நொறுங்கும், கடைசிப் பாட்டில் அது இன்னும் மோசமாகும். காரணம் எளிது. 33 வேக எல்.பி.யின் வெளி விளிம்பில் பள்ளம் முள்ளின் அடியில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, லேபிளுக்கு அருகே 20-க்குச் சற்று மேல். அதே இசை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி அடைக்கப்படுவதால், தேய்மானமும் முள்ளின் கோணப்பிழையும் அங்கேதான் முதலில் தெரியும். எல்லாத் தட்டிலும் கடைசிப் பாட்டு மட்டும் நொறுங்கினால் தட்டைக் குற்றம் சொல்லாதீர்கள், முள்ளைத் தாங்கும் காட்ரிட்ஜ் பொருத்திய கோணத்தைச் சரிபாருங்கள்.

இதிலும் சில குழுக்கள் விதிவிலக்கு. வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரிலிருந்து வந்த சோனிக்ஸ் குழுவின் 1965 எல்.பி.யில் குரலும் டிரம்ஸும்கூட ஒலிப்பதிவுக் கருவியின் அளவை மீறி நொறுங்கும். அதைத் திருத்த முயலாதீர்கள், அதுதான் அந்தத் தட்டின் உயிர்.

'குபுகுபு' வருவது டெக்சாஸின் தேர்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவின் தட்டு என்றால், அது ஜாடி. டாமி ஹால் என்பவர் மண்ஜாடியின் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் எழுப்பிய ஒலி. 1966-இல் வந்த முதல் எல்.பி. முழுக்க அது ஓடுகிறது. அதைப் பழுது என்று நினைத்து டர்ன்டேபிளைப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு பக்கக் குரலும் அக்கால ஸ்டீரியோ கலவையின் இயல்பே. டிரம்ஸை ஒரு பக்கமும் குரலை மறுபக்கமும் தள்ளிவைப்பது அன்று சாதாரணம். சந்தேகம் தீர, ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் இடது வலது இணைப்பு வயர்களை மாற்றிச் செருகுங்கள். குரல் இடம் மாறுவதோடு இரண்டு ஸ்பீக்கரிலும் ஏதோ ஒன்று ஒலித்துக்கொண்டே இருந்தால் கலவைதான் அப்படி. ஒரு பக்கம் எந்தத் தட்டுக்கும் முற்றிலும் மௌனம் என்றால், காட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் ஹெட்ஷெல்லில் நான்கு மெல்லிய வயர்களில் ஒன்று கழன்றிருக்கும். வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. கடற்கரை ஊரில் அந்த முனைகள் களிம்பேறும். கழற்றி, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து மறுபடி செருகினாலே பாதிப் பேருக்கு ஒலி திரும்பிவிடும்.

கேள்வி: தாத்தாவின் பெட்டி பிளேயர் இன்னும் ஓடுகிறது. அதிலேயே இந்தத் தட்டுகளைக் கேட்கலாமா?
– வாசகி, நெல்லித்தோப்பு

வேண்டாம். அதில் இருப்பது செராமிக் காட்ரிட்ஜாக இருக்கும். ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தும், மேலும் கீழும் எளிதில் அசையாது. ஸ்டீரியோ தட்டில் ஒலி மேல்கீழ் அசைவாகவும் பதிவாகியிருப்பதால், அசைய மறுக்கும் முள் அதைச் சுரண்டி எடுத்துவிடும். சிலவற்றில் முள்ளைத் திருப்பிப் போடும் சின்னக் கைப்பிடி இருக்கும். ஒரு பக்கம் 78-க்கான தடித்த முள். அதை எல்.பி.யில் ஓட்டினால் ஒரே தடவையில் சேதம்.

இன்றைய காட்ரிட்ஜ்கள் 2 கிராம் அளவில் ஓடுபவை. ஆடியோ டெக்னிகாவின் வி.எம்.95 வரிசையில் ஒரே உடலுக்கு வெவ்வேறு முள் மாட்டலாம் என்பதால் இத்தகைய சேகரிப்புக்கு வசதி. நல்ல நிலையில் உள்ள எல்.பி.க்கு நீள்வட்ட முள். பார்ட்டிகளில் தேய்த்தெடுத்த கராஜ் 45-களுக்குக் கூம்பு முள். கூம்பு முனை பள்ளத்தின் சுவரை வேறு உயரத்தில் தொடுவதால், பழைய முள் தேய்த்த இடத்தைத் தவிர்த்துச் சில சமயம் வியப்பூட்டும் அளவுக்குச் சுத்தமாக ஒலிக்கும். அழுத்தத்தை டிஜிட்டல் தராசு வைத்து அளந்து பாருங்கள். பயந்து 1 கிராமாகக் குறைப்பதும் கேடு. லேசான முள் பள்ளத்தில் நிற்காமல் துள்ளி, சுவரில் மோதித்தான் அதிகம் கெடுக்கும். நீள்வட்ட முள்ளுக்கு 300 மணி நேரம் ஆயுள் என்று வைத்தால், தினம் ஒரு எல்.பி. கேட்பவருக்கு ஏறக்குறைய பதினைந்து மாதம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பிய டர்ன்டேபிளில் ராமோன்ஸ் என்ற பங்க் குழுவின் தட்டு மந்தமாக ஓடுகிறது. வோல்டேஜ் கன்வெர்ட்டர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். பெல்ட் போய்விட்டதா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பெல்ட் இல்லை. கன்வெர்ட்டர் 230 வோல்ட்டை 120 ஆக்கும், ஆனால் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. பழைய ஏ.சி. மோட்டார்கள் ஹெர்ட்ஸைப் பின்பற்றிச் சுற்றுபவை. 33-க்குப் பதில் உங்கள் தட்டு 28-க்கும் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது, சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடுகிறது. 1976-இல் வந்த அந்தக் குழுவின் முதல் எல்.பி.யில் பதினான்கு பாட்டும் 29 நிமிடத்தில் முடிய வேண்டும். உங்களிடம் 35 நிமிடம் ஓடும். கடிகாரம் வைத்துப் பாருங்கள். அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டாரில் உள்ள சின்னச் சக்கரம்) கிடைத்தால் மாற்றுங்கள், அதுவே முழுத் தீர்வு. டி.சி. அடாப்டரில் ஓடும் புதிய மாடல் என்றால் இந்தத் தொல்லை கிடையாது. அப்போது பெல்ட்டையும் வேகம் திருத்தும் சின்னத் திருகையும் பாருங்கள்.

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயலில் நனைந்த பெட்டியை அப்படியே கட்டி வைத்துவிட்டோம். இப்போது திறந்தால் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருக்கின்றன.
– வாசகர், ரெட்டியார்பாளையம்

இழுத்துப் பிரிக்காதீர்கள், படம் உரிந்து வந்துவிடும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் ஒரு மூலையில் ஈர ஸ்பாஞ்சை வைத்து, தண்ணீர் நேராகப் படாமல் உறைகளைச் சில மணி நேரம் உள்ளே விடுங்கள். அட்டை ஈரப்பதத்தை வாங்கி இளகும். பிறகு முனை மழுங்கிய பிளாஸ்டிக் ஸ்கேலை ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே நகர்த்துங்கள். பிரிந்த உறைகளை அச்சில்லாத வெள்ளைத்தாள் நடுவே வைத்து, தாளை மாற்றி மாற்றி உலர்த்துங்கள். பாதி காய்ந்ததும் மேலே எடை வையுங்கள். செய்தித்தாள் கூடாது, மை ஏறும். உறை சரியாகாவிட்டாலும் தட்டு பிழைக்கும். வண்டல் ஒட்டிய தட்டை மட்டும் கழுவாமல் ஒரு சுற்றுகூட ஓட்டக் கூடாது. அந்த மணல் முள்ளையும் பள்ளத்தையும் சேர்த்து அறுக்கும். முதல் அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை, கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில்.

வளைந்த தட்டை வெயிலில் வைத்து நிமிர்த்தும் யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வினைல் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அது நடந்துவிடும். சுத்தம் செய்து இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே நான்கைந்து கிலோ எடையோடு சில வாரம் விடுங்கள்.

கேள்வி: கராஜ் இசையை எங்கே தொடங்கிக் கேட்பது? இந்தியாவில் அப்படி ஏதாவது உண்டா?
– வாசகி, வில்லியனூர்

இசை எழுத்தாளர் லென்னி கே தொகுத்து எலெக்ட்ரா நிறுவனம் 1972-இல் வெளியிட்ட நகெட்ஸ் என்ற இரட்டை எல்.பி.யிலிருந்து. 1965 முதல் 1968 வரை வந்து மறைந்த அமெரிக்கச் சிங்கிள்கள், மொத்தம் 27 பாட்டு. பங்க் குழுக்கள் கிளம்பிய 1976-இல் சைர் நிறுவனம் அதை மறுபடி அச்சிட்டது தற்செயல் இல்லை. ராமோன்ஸ் தட்டைக் கொண்டுவந்ததும் அதே சைர்தான். 1998-இல் ரைனோ நிறுவனம் அதை நான்கு சி.டி.யாக, 118 பாட்டாக விரித்தது. முதலில் 27 பாட்டோடு பழகுங்கள்.

இந்தியாவில் உண்டு. சிம்லா சிகரெட் விளம்பரத்துக்காக இம்பீரியல் டொபாக்கோ நடத்திய போட்டியிலிருந்து சிம்லா பீட் 70, சிம்லா பீட் 71 என்று இரண்டு எல்.பி. வந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் உட்பட பல நகரக் குழுக்கள் அதில் இருக்கின்றன. ஃபஸ் கிடார், ஆர்கன், நேரடியாக அடிக்கும் டிரம்ஸ் என்று அமெரிக்கப் பதிவுகளுக்குச் சளைக்காதவை. மறுபதிப்பு வந்திருக்கிறது. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் பார்க்கும் பழக்கம் இருந்தால், சினிமாப் பாட்டு ஈ.பி.க்களுக்கு நடுவே சிம்லா பெயர் தென்படுகிறதா என்று கண் வையுங்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் எல்.பி. ஒன்று இருக்கிறது. முதல் பதிப்பா?
– வாசகர், கடலூர் முதுநகர்

உறை இளஞ்சிவப்பு என்றால் அமெரிக்கப் பதிப்பு, மஞ்சள் என்றால் பிரிட்டிஷ் பதிப்பாக இருக்கலாம். 1977-இல் வர்ஜின் நிறுவனம் வெளியிட்ட ஆரம்பப் பிரதிகளில் பதினோரு பாட்டுதான். விடுபட்ட பாட்டை ஒரு பக்கம் மட்டும் பதிந்த தனிச் சிங்கிளாகவும், கூடவே ஒரு போஸ்டரும் உள்ளே வைத்தார்கள். பன்னிரண்டு பாட்டு இருந்தால் அதற்குப் பிந்தையது. பின் உறையில் பார்கோடு இருந்தால் 80-களிலோ அதற்குப் பிறகோ வந்த மறுபதிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். பார்க்லே என்ற நிறுவனப் பெயர் இருந்தால் பிரெஞ்சுப் பதிப்பு, புதுச்சேரி வழியாக வந்ததாக இருக்கும், அதுவும் தேடப்படுவதுதான்.

கேள்வி: தேய்ந்துகொண்டே போகிறது என்பதால் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க நினைக்கிறேன். எந்த அளவில் பதிவது?
– வாசகர், அரியாங்குப்பம்

ஆடாசிட்டி மென்பொருள் போதும், இலவசம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். 20 நிமிடப் பக்கம் ஏறத்தாழ 690 மெகாபைட் பிடிக்கும், ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக்கினால் கணிசமாகச் சுருங்கும். தட்டின் மிகச் சத்தமான இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். கீறலின் 'டப்' இசையைவிட உயரமாகத் துள்ளும், அதற்கு இடம் வேண்டும்.

60-களின் கராஜ் சிங்கிள்கள் பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி. ஆனாலும் ஸ்டீரியோவாகவே பதியுங்கள். பிறகு இடது, வலது இரண்டையும் தனித்தனியே கேட்டால், பள்ளத்தின் ஒரு சுவர் மற்றதைவிடக் குறைவாகத் தேய்ந்திருப்பது பல தட்டுகளில் தெரியும். அந்த நல்ல பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நிலை என்றால் சேர்த்து மோனோவாக்குங்கள், மேல்கீழ் அசைவிலிருந்து வரும் கரகரப்பு தானாகவே கழிந்துவிடும். உறையில் மோனோவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியதாக அச்சிட்டிருந்தால் சேர்க்காதீர்கள், குரல் குகைக்குள் போய்விடும்.

'டப்' நீக்கும் வசதியைப் பெரிய கீறல்களுக்கு மட்டும், ஒவ்வொன்றாகக் குறித்துப் பயன்படுத்துங்கள். பக்கம் முழுவதற்கும் ஒரே அழுத்தில் ஓட்டினால் ஸ்னேர் டிரம் அடியையும் ஃபஸ் கிடாரின் முனையையும் அது கீறல் என்று நினைத்து வழித்துவிடும். பரப்பு இரைச்சல் நீக்கும் வசதி இந்த வகை இசைக்கு வேண்டவே வேண்டாம். திருத்தாத மூலக் கோப்பை வேறொரு டிஸ்க்கில் தனியே வைத்திருங்கள்.

பதிந்து முடித்த தட்டுகளைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், கடல் பார்த்த சுவரை ஒட்டாமல், நேராக நிறுத்தி வையுங்கள். நூறு எல்.பி. ஏறக்குறைய 25 கிலோ கனக்கும், பிளைவுட் தட்டு வளையாதபடி இரண்டடிக்கு ஒரு தாங்கி கொடுங்கள். நாப்தலின் உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கில் படியும். மூடிய அலமாரியாக இருந்தால் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம்.